பழைய டிஎஸ்எல்ஆரா, பாக்கெட் காம்பாக்டா? லென்ஸைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். 2008 வாக்கில் வந்த 12 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள, லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய கேமரா) ஒன்று வைத்திருக்கிறீர்கள். அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸைத் தவிர வேறு லென்ஸ் வாங்கவில்லை. தூக்கிக்கொண்டு போக அலுப்பாக இருப்பதால் பாதி நேரம் அது வீட்டிலேயே கிடக்கிறது. பாக்கெட்டில் அடங்கும் ஒரு இன்ச் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) கொண்ட காம்பாக்ட் கேமரா வாங்கலாம் என்று பார்த்தால், "சென்சார் சின்னது, படம் டிஎஸ்எல்ஆர் அளவுக்கு வராது" என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். யார் சொல்வது சரி?

உங்கள் நிலைமையில் தரம் குறையாது. வெளிச்சம் குறைந்த இடங்களில் கூடவும் செய்யும். ஆனால் உங்களிடம் இருப்பது அந்த ஒரு கிட் லென்ஸ் மட்டும்தான் என்பதால்தான் இப்படிச் சொல்கிறேன். அதே பாடியில் எஃப்/1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத, ஒளியை அதிகம் விடும் லென்ஸ்) ஒன்றை மாட்டிப் பழகியவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். சென்சாரை மட்டும் வைத்து இரண்டு கேமராவை ஒப்பிடுவதில்தான் பெரும்பாலான வாக்குவாதங்கள் தடம் மாறிப் போகின்றன. படம் எடுப்பது சென்சாரும் லென்ஸும் சேர்ந்துதான். காம்பாக்டில் அந்த ஜோடியைப் பிரிக்க முடியாது. டிஎஸ்எல்ஆரில் பிரிக்கலாம், ஆனால் நீங்கள் பிரிக்கவே இல்லை.

முதலில் நண்பர்கள் சொல்வதில் உள்ள உண்மையைப் பார்ப்போம். உங்களுடையது போன்ற டிஎஸ்எல்ஆர்களில் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற அளவு சென்சார். நிகானில் அது ஏறக்குறைய 23.6 × 15.6 மி.மீ. கேனானில் கொஞ்சம் சின்னது, 22.2 × 14.8. ஒரு இன்ச் என்று பெயர் வைத்திருக்கும் சென்சாரின் உண்மையான அளவு 13.2 × 8.8 மி.மீ. பரப்பில் கணக்கிட்டால் 368 சதுர மி.மீ.க்கு எதிரே 116. மூன்றில் ஒரு பங்குதான். ஒரே வெளிச்சத்தில், ஒரே அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஒரே ஷட்டர் வேகம் வைத்து எடுத்தால் டிஎஸ்எல்ஆர் மூன்று மடங்குக்கும் சற்று அதிகமான ஒளியை வாங்குகிறது. படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸைப் பெருமளவு தீர்மானிப்பது வாங்கிய மொத்த ஒளிதான். இதுவரை நண்பர்கள் சொல்வது சரி.

அவர்கள் கணக்கில் விட்டுப்போனது 'ஒரே அப்பர்ச்சர்' என்கிற நிபந்தனை. எஃப் எண் சின்னதாக இருந்தால் துளை பெரிது, ஒளி அதிகம். உங்கள் 18-55 லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்/3.5, ஜூம் செய்த முனையில் எஃப்/5.6. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 போன்ற 2014-ல் வந்த ஒரு காம்பாக்டின் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்/1.8, மறுமுனையில் எஃப்/2.8. எஃப்/3.5-க்கும் எஃப்/1.8-க்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி. எஃப்/5.6-க்கும் எஃப்/2.8-க்கும் சரியாக நான்கு மடங்கு. சென்சாரால் இழந்தது மூன்று மடங்கு, லென்ஸால் திரும்ப வந்தது நான்கு மடங்கு. பெரிய சென்சாரின் சாதகத்தை அந்த மங்கலான கிட் லென்ஸ் முழுவதுமாகத் தின்றுவிடுகிறது.

இதையே லென்ஸின் துளை விட்டமாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி உள்ளே நுழையும் வட்டத்தின் விட்டம் கிடைக்கும். 55 மி.மீ.யை 5.6-ஆல் வகுத்தால் 9.8 மி.மீ. அந்த காம்பாக்டின் நீண்ட முனையில் உண்மையான குவியத் தூரம் 25.7 மி.மீ., அதை 2.8-ஆல் வகுத்தால் 9.2 மி.மீ. ஏறக்குறைய ஒரே வட்டம். ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியைச் சட்டகத்தில் அடக்கினால் இரண்டு கேமராவும் வாங்கும் ஒளியும், பின்னணி மங்கும் அளவும் இந்த வட்டத்தைப் பொறுத்தே அமையும். உங்கள் டிஎஸ்எல்ஆரில் முகத்துக்குப் பின்னால் எவ்வளவு மங்கலாகிறதோ, அநேகமாக அதே அளவுதான் காம்பாக்டிலும் மங்கலாகும். டிஎஸ்எல்ஆர் என்றாலே பின்னணி மங்கிவிடும் என்ற பேச்சு கிட் லென்ஸுக்குப் பொருந்தவே பொருந்தாது.

ஒரு இரவு நேர அறையை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பாக்டில் எஃப்/1.8, 1/30 நொடி, ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 800-இல் படம் சரியான வெளிச்சத்தோடு வருகிறது என்று வையுங்கள். அதே படத்தை எஃப்/3.5 லென்ஸில் அதே ஷட்டர் வேகத்தில் எடுக்க ஐஎஸ்ஓ 3000-க்குப் போக வேண்டும். 2008-இல் வந்த கேனான் 450டியின் உச்ச ஐஎஸ்ஓவே 1600தான். அதற்கு மேல் கேமராவில் இடமே கிடையாது. ஷட்டரை 1/15-க்குக் குறைத்துக்கொள்ளலாம், அப்போது அசையும் குழந்தை கோடாகிவிடும். நிகான் டி90-இல் 3200 வரை உண்டு, ஆனால் அந்த எண்ணில் அந்தக் காலத்துச் சென்சார் தரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முடி, துணி போன்ற நுண்ணிய விவரங்கள் கரைந்திருப்பது தெரியும்.

அப்புறம் சென்சார்களின் வயது. 2008-க்கும் 2014-க்கும் இடையில் சென்சார் தொழில்நுட்பம் நின்றுகொண்டிருக்கவில்லை. 2010-இல் நிகான் டி7000, பென்டாக்ஸ் கே-5 இரண்டிலும் வந்த 16 மெகாபிக்சல் சோனி சென்சார் ஒரு பெரிய திருப்பம். படத்தின் இருண்ட பகுதியைக் கணினியில் தூக்கிப் பார்த்தால் அதற்கு முந்தைய பல கேமராக்களில் புள்ளிகளும், சிலவற்றில் கோடு கோடான பட்டைகளும் எழும்பி வரும். இந்தத் தலைமுறையிலிருந்து அது வெகுவாகக் குறைந்தது. ஒரு இன்ச் சென்சார்களிலும் ஒளி வாங்கும் பகுதிக்கு முன்னால் இருந்த கம்பி அடுக்கைப் பின்னால் தள்ளிய பிஎஸ்ஐ வகை 2013-இல் ஆர்எக்ஸ்100 மார்க் 2 மூலம் வந்துவிட்டது. ஆகவே 'பழைய டிஎஸ்எல்ஆர்' என்று ஒரே கூடையில் போடக் கூடாது. 2010-க்கு முந்தையதா பிந்தையதா என்பது முக்கியமான கேள்வி. டி7000 வைத்திருப்பவர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டால், குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்த நிலக்காட்சிகளில் அவருடைய ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) கணினியில் திருத்தும்போது காம்பாக்டை விடத் தாராளமாக இடம்கொடுக்கும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. 12 மெகாபிக்சல் படத்தின் அகலம் 4300 புள்ளிகளை ஒட்டி இருக்கும், 20 மெகாபிக்சல் படம் 5472. நீளவாக்கில் கால் பங்குதான் கூடுதல். ஏ4 தாளில் 300 டிபிஐயில் அச்சிட 3508 புள்ளிகள் போதும். இதை வைத்து யாரும் கேமராவை மாற்ற வேண்டாம்.

சரி, அப்படியென்றால் டிஎஸ்எல்ஆரை விற்றுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அந்தக் கேமராவின் முழுத் திறனை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டினால் துளை விட்டம் 28 மி.மீ.க்கு அருகே போகிறது. காம்பாக்டின் 9 மி.மீ.யோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு விட்டம், ஒன்பது மடங்கு பரப்பு. முகப்படத்தில் பின்னணி அப்படியே கரைந்து போவதை அப்போதுதான் பார்ப்பீர்கள். இரவு அறையில் ஐஎஸ்ஓ 3000 கேட்ட அதே கேமரா 800-இல் நிம்மதியாக எடுக்கும். இந்த இடத்தில் எந்த ஒரு இன்ச் காம்பாக்டும் பக்கத்தில் வர முடியாது. கணினியில் செய்யும் எந்தத் திருத்தமும் வாங்காத ஒளியை வாங்கித் தராது.

50 மி.மீ. ஏபிஎஸ்-சி பாடியில் கொஞ்சம் குறுகிய கோணம், 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் போல நடந்துகொள்ளும். தலையும் தோளும் எடுக்க அருமை, வீட்டுக்குள் நாலு பேரைச் சேர்த்து எடுக்கப் பின்னால் சுவர் இடிக்கும். பொதுப் பயன்பாட்டுக்கு 35 மி.மீ. எஃப்/1.8 நல்ல தேர்வு, நிகானில் 2009 முதல் டிஎக்ஸ் (ஏபிஎஸ்-சி) பாடிகளுக்கென்றே ஒன்று இருக்கிறது. கேனான்காரர்களுக்கு 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் இருக்கிறது, பிஸ்கெட் தடிமனில் ஒரு லென்ஸ், அதை மாட்டினால் கேமராவின் பருமன் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும்.

டிஎஸ்எல்ஆரின் இன்னொரு பலம் அசையும் பொருள். கண்ணாடிக்குக் கீழே ஃபோகஸுக்கென்றே தனி சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஃபோகஸ் எந்தப் பக்கம், எவ்வளவு விலகியிருக்கிறது என்று அது ஒரே பார்வையில் சொல்லிவிடும், லென்ஸ் நேராக அங்கே போய் நிற்கும். பெரும்பாலான காம்பாக்டுகள் காட்சியின் கூர்மையை முன்னும் பின்னும் அசைத்து ஒப்பிட்டுத்தான் ஃபோகஸைக் கண்டுபிடிக்கின்றன. நின்றுகொண்டிருப்பவரை எடுக்க அது போதும். ஓடி வரும் பிள்ளை, பறக்கும் பறவை, விளையாட்டு மைதானம் என்றால் பத்து வயதுக்கு மேலான ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆரே முந்திவிடும். விதிவிலக்கு உண்டு. 2016-இல் வந்த ஆர்எக்ஸ்100 மார்க் 5 முதல் விலகலை ஒரே பார்வையில் அளக்கும் ஃபேஸ் டிடெக்ட் புள்ளிகள் சென்சாரின் மேலேயே வந்துவிட்டன, அவை இந்த விஷயத்தில் பழைய டிஎஸ்எல்ஆர்களுக்குச் சளைத்தவை அல்ல. ஆனால் நீங்கள் பழைய மாடல் காம்பாக்ட் பார்ப்பதாக இருந்தால் இதைக் கணக்கில் வையுங்கள்.

வியூஃபைண்டரையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். கொளுத்தும் வெயிலில் காம்பாக்டின் பின்திரை கண்ணுக்கே தெரியாது, சட்டகத்தின் ஓரத்தில் என்ன வெட்டுப்படுகிறது என்று ஊகிக்க வேண்டியிருக்கும். டிஎஸ்எல்ஆரைக் கண்ணில் ஒட்டி வைத்தால் கையும் நெற்றியும் சேர்ந்து கேமராவை ஆடாமல் பிடிக்கின்றன, காட்சி தாமதமே இல்லாமல் நேராகத் தெரிகிறது. சுவிட்சைத் தட்டிய கணமே தயார், பேட்டரியும் பெரிது. சிபா அளவீட்டில் (கேமரா நிறுவனங்களின் சங்கம் வகுத்த சோதனை முறை) ஒரு சார்ஜில் டி90-க்கு 850 படம் என்றால் ஆர்எக்ஸ்100 மார்க் 3-க்கு 320. காம்பாக்டுக்கு உபரி பேட்டரி ஒன்று கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

காம்பாக்டின் பக்கம் யாரும் அதிகம் பேசாத ஒரு பலம் அதன் ஷட்டர். லென்ஸுக்குள்ளேயே இருக்கும் லீஃப் ஷட்டர் என்பதால் 1/2000 வரை ஃபிளாஷோடு ஒத்துப்போகும். டிஎஸ்எல்ஆரின் ஷட்டர் திரைகள் பொதுவாக 1/200 அல்லது 1/250-க்கு மேல் ஃபிளாஷோடு சேராது (டி70, டி40 போன்ற, பழைய சிசிடி வகை சென்சார் கொண்ட சில நிகான்கள் 1/500 வரை போகும்). உச்சி வெயிலில் ஒருவர் முகத்தில் விழும் நிழலை ஃபிளாஷால் நிரப்ப நினைக்கிறீர்கள். ஐஎஸ்ஓ 100-இல் 1/200 என்றால் எஃப்/11 வைத்தாக வேண்டும். காம்பாக்டில் 1/1600, எஃப்/4 வைத்து அதே வெளிச்சத்தைப் பெறலாம், எஃப்/11-இல் சின்ன ஃபிளாஷின் ஒளி வீணாவதுபோல் இங்கே ஆவதில்லை. ஆள் பக்கத்தில் நின்றால் அந்தச் சின்ன ஃபிளாஷே போதும். இன்னொன்று, லீஃப் ஷட்டர் ஏறக்குறைய சத்தமே போடாது. தூங்கும் குழந்தைக்கும், கச்சேரி நடக்கும் அரங்குக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கண்ணாடி 'டொக்' என்று அடிக்கும் கேமரா வைத்திருக்கும் உங்களுக்கே தெரியும்.

வீடியோவில் போட்டியே இல்லை. வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆரே 2008-இல் வந்த டி90தான், அதுவும் 720பி, ஃபோகஸை நீங்களே திருப்ப வேண்டும். 450டியில் வீடியோ வசதியே கிடையாது.

எடையைச் சொல்லவே வேண்டாம் என்று தோன்றும், ஆனால் சொல்கிறேன். முதல் ஆர்எக்ஸ்100 பேட்டரியும் கார்டும் சேர்த்து 240 கிராம். உங்கள் வகை டிஎஸ்எல்ஆர் கிட் லென்ஸோடு முக்கால் கிலோ பக்கம் வரும், அதோடு அதற்கென்று ஒரு பை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதி நேரம் அது வீட்டில் கிடக்கிறது என்று. வீட்டில் இருக்கும் கேமராவின் சென்சார் அளவைப் பற்றி விவாதிக்க எனக்கு மனம் வரவில்லை.

காம்பாக்ட் வாங்குவதாக முடிவெடுத்தால் கவனிக்க வேண்டியது அதன் லென்ஸின் நீண்ட முனை. எஃப்/1.8 என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பார்கள், அது அகலக் கோணத்துக்கு மட்டும். முதல் ஆர்எக்ஸ்100-இன் நீண்ட முனை எஃப்/4.9. அங்கே நான் மேலே போட்ட கணக்கு தலைகீழாகிவிடும், உங்கள் கிட் லென்ஸே ஜெயிக்கும். 24-200 ஜூம் கொண்ட மார்க் 6, மார்க் 7 இரண்டும் எஃப்/2.8-இல் ஆரம்பித்து எஃப்/4.5-இல் முடிகின்றன. பகல் வெளிச்சப் பயணங்களுக்கு அவை அற்புதம், இரவு அறைகளுக்கு அல்ல. ஜூம் நீளம் கூடக்கூட இந்த அளவு உடம்புக்குள் பிரகாசமான லென்ஸ் வைக்க முடியாது. எஃப்/1.8-2.8 ஜூம் உள்ளதையே தேடுங்கள். கேனான் ஜி7எக்ஸ் வரிசையும் இதே நியாயத்தில் வரும்.

விரல் நகம் அளவுள்ள 1/2.3 இன்ச் சென்சார் வைத்த சாதாரண காம்பாக்டுகளுக்கு நான் சொன்னது எதுவும் பொருந்தாது. அவற்றின் பரப்பு 28 சதுர மி.மீ. மட்டுமே. உங்கள் டிஎஸ்எல்ஆர் கிட் லென்ஸோடும்கூட அவற்றை எளிதாகத் தாண்டும், ரா கோப்பு எடுக்கும் வசதியும் பெரும்பாலும் அவற்றில் இருக்காது. பழைய சிசிடி காம்பாக்டுகளின் நிறம் தனி அழகு என்று இப்போது ஒரு மோகம் பரவியிருக்கிறது. நிறத்தைத் தீர்மானிப்பதில் சென்சாருக்கு மேலிருக்கும் வண்ண வடிகட்டிக்கும், கேமரா ஜேபெக் சமைக்கும் விதத்துக்கும் உள்ள பங்கு சென்சார் சிசிடியா, பின்னால் வந்த சிமாஸ் வகையா என்பதை விட அதிகம் என்பது என் கருத்து. அந்தத் தோற்றம் பிடித்திருந்தால் வாங்குங்கள், தரத்துக்காக வாங்காதீர்கள்.

ஜூமே வேண்டாம் என்று உங்களால் இருக்க முடியுமானால் மூன்றாவது வழியும் இருக்கிறது. ரிக்கோ ஜிஆர் 2013-இல் டிஎஸ்எல்ஆரின் அதே ஏபிஎஸ்-சி சென்சாரை 245 கிராம் உடம்பில் வைத்து வந்தது, 28 மி.மீ.க்குச் சமமான எஃப்/2.8 லென்ஸோடு. இங்கே சென்சாரில் எந்தச் சமரசமும் இல்லை. 2021-இல் வந்த ஜிஆர் 3எக்ஸ் 40 மி.மீ. கோணம், ஆட்களை எடுப்பவர்களுக்கு அது இன்னும் வசதி. நடந்துகொண்டே தெருவை எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல கருவி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தூரத்தில் மேடையில் நிற்கும் பிள்ளையை எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

காம்பாக்டில் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். நிலக்காட்சி என்றால் எஃப்/11 என்று கை தானாகப் போகும். ஒரு இன்ச் சென்சாரில் எஃப்/4 வைத்தாலே டிஎஸ்எல்ஆரில் எஃப்/7 வைத்த அளவுக்கு முன்னும் பின்னும் தெளிவாக இருக்கும். எஃப்/5.6-க்கு மேல் போனால் சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் கூர்மை குறையத் தொடங்கும். வெள்ளை மேகம் வெளுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ள, எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது) குறைத்து ரா-வில் எடுத்து அப்புறம் தூக்கிக்கொள்வது நல்லது.

பழையதாக வாங்குவதென்றால் இரண்டுக்கும் வியாதிகள் வேறு. காம்பாக்டில் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும் மோட்டார்தான் பலவீனம். பலமுறை திறந்து மூடிப் பாருங்கள், கரகரப்போ தயக்கமோ இருந்தால் விட்டுவிடுங்கள். மணல் புகுந்த காம்பாக்டின் ஆயுள் குறைவு. எஃப்/11-இல் வெறும் வானத்தை எடுத்துப் பார்த்து, மங்கலான புள்ளிகள் தெரிந்தால் உள்ளே தூசி இருக்கிறது என்று அர்த்தம், முழுதாகப் பிரித்தால்தான் எடுக்க முடியும். டிஎஸ்எல்ஆரில் அதே தூசியை நீங்களே துடைக்கலாம். அங்கே பார்க்க வேண்டியது ஷட்டர் எண்ணிக்கை (நடுத்தர பாடிகளுக்கு ஒரு லட்சம் வரை என்று கணக்குச் சொல்வார்கள்), பிடிமான ரப்பர் பிசுபிசுத்திருக்கிறதா என்பது, லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் வலை போலப் பூஞ்சை தெரிகிறதா என்பது. 2006-க்கு முந்தைய சில பாடிகள் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டைப் படிக்காது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த ஓராண்டில் எடுத்தவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்த படங்களைத் தனியே பிரித்து, ஒவ்வொன்றின் விவரத்தில் குவியத் தூரமும் ஐஎஸ்ஓவும் என்ன என்று பாருங்கள். வெளியிடங்களில், 18-க்கும் 50-க்கும் இடையில், ஐஎஸ்ஓ 400-க்குக் கீழே எடுத்தவையே அதிகம் என்றால் காம்பாக்ட் தயக்கமில்லாமல் வாங்கலாம். முகப்படங்களும் 55-இல் முட்டிக்கொண்டு நிற்கும் படங்களுமே அதிகம் என்றால், புது கேமராவுக்குச் செலவிடும் பணத்தில் சிறு பகுதி போதும், பழைய பாடிக்கு ஒரு பிரைம் லென்ஸ் வாங்கிவிடலாம்.

இரண்டையும் வைத்துக்கொள்ள வழி இருந்தால் அதுவே என் விருப்பம். பழைய டிஎஸ்எல்ஆரை விற்றால் பெரிதாக எதுவும் கிடைக்காது, வீட்டில் ஒரு பிரைம் லென்ஸோடு இருந்தால் முகப்படங்களுக்கு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். லென்ஸ் வாங்கும்போது ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிகானில் டி40, டி60, டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டியிருக்கும், பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருப்பதையே வாங்குங்கள். டி90, டி7000 வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. கேனான் இஓஎஸ் பாடிகளிலும் இல்லை, மோட்டார் எப்போதும் லென்ஸுக்குள்ளேயே இருக்கும்.